அடுத்தவர் இலையை எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அத்தைமார்களே, சித்தப்பாக்களே, அடுத்த வீட்டு மாமிகளே, அலுவலக நண்பர்களே,

உங்களுக்கென்று சங்கம் கிடையாது, சந்தா கிடையாது. ஆனால் கல்யாணப் பந்தி எங்கே நடந்தாலும் அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். எதிர் வரிசையில் இருப்பவளின் இலையில் இரண்டாம் முறை பாயசம் விழுந்தால் பரிமாறுகிறவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. "சுகர்னு சொன்னியே, வாயைக் கட்டக் கூடாதா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்கிறீர்கள். குண்டான பையனைப் பார்த்தால் "எந்தக் கடை அரிசிடா சாப்பிடுறே?" என்று சிரிக்கிறீர்கள். பையனும் சிரித்து வைக்கிறான். அவன் அம்மா மட்டும் சிரிப்பதில்லை. அந்தக் கேள்வி தனக்கானது என்று அவளுக்குத் தெரியும்.

நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பாதிப் பேர் அக்கறையில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த அக்கறைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பசி என்பது குணம், அடக்கத் தெரிந்தவர்கள் ஒல்லியாக இருக்கிறார்கள், தெரியாதவர்கள் பெருத்துப் போகிறார்கள். இந்த நம்பிக்கை உங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. 1960-களில் உலகின் பெரிய மருத்துவ அறிஞர்களில் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார்கள். அதை அசைத்துப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

டக்ளஸ் கோல்மன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில் 1931-இல் பிறந்தவர். மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். விஸ்கான்சினில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1958-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓரிரண்டு வருடம் இருந்து கொஞ்சம் மரபியல் கற்றுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பதுதான் திட்டம். 1991-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

அந்த ஆய்வகம் சுண்டெலிகளுக்குப் பேர்போனது. அங்கே வம்சம் வம்சமாக எலிகளை வளர்க்கிறார்கள். ஒரே வம்சத்து எலிகள் ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையர்போல மரபில் அச்சாக ஒன்றாகவே இருக்கும். 1947-இல் அந்த ஊர் இருக்கும் தீவில் பரவிய பெருந்தீயில் ஆய்வகம் எரிந்துபோனது. முன்பு அங்கிருந்து எலி வாங்கியிருந்த ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த எலிகளைத் திருப்பி அனுப்ப, மீண்டும் தொடங்கினார்கள். அந்தப் புதுக் கூட்டத்தில்தான் ஓயாமல் தின்று உருண்டையாகப் பெருக்கும் எலி ஒன்று கண்ணில் பட்டது. 1950-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஆய்வகத்தில் அதற்கு 'ஓபி' என்று சுருக்கப் பெயர். நாம் குண்டெலி என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண எலியைப்போல மூன்று மடங்கு எடை இருக்கும்.

கோல்மன் அப்போது உடற்பருமன் பக்கமே இல்லை. தசைச் சிதைவு நோயைப் பற்றி வேலை செய்துகொண்டிருந்தார். 1965-இல் வேறொரு வம்சத்தில் இன்னொரு விசித்திர எலி தென்பட்டது. அதுவும் குண்டு, அதுவும் பெருந்தீனி. ஆனால் இதற்கு ரத்தச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, சில மாதங்களிலேயே செத்துப்போனது. இதைச் சர்க்கரை எலி என்போம். கேதரின் ஹம்மல், மார்கரெட் டிக்கி ஆகிய இரு பெண் விஞ்ஞானிகளும் கோல்மனும் சேர்ந்து மறுவருடம் இதை உலகுக்கு அறிவித்தார்கள். கோல்மனுடைய மிச்ச வாழ்க்கையை இந்த எலி எடுத்துக்கொண்டது.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இந்த எலியின் கோளாறுக்குக் காரணமான ஏதாவது அதன் ரத்தத்தில் ஓடுகிறதா? அதை அறிய ஒரு பழைய வழி இருந்தது. இரண்டு எலிகளை அருகருகே படுக்க வைத்து, தோள் முதல் இடுப்பு வரை பக்கவாட்டில் தோலைத் திறந்து ஒன்றோடொன்று தைத்துவிடுவார்கள். காயம் ஆறும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் இணையும். ஒன்றின் ரத்தம் மெல்ல மற்றதற்குப் போகும். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது என்றால் எனக்கும் அப்படித்தான். அந்த எலிகள் கொடுத்த விலையை மறைத்துவிட்டு அறிவியலை மட்டும் சொல்வது நியாயமில்லை என்பதால் சொல்கிறேன்.

முதலில் சர்க்கரை எலியையும் சாதாரண எலியையும் இணைத்தார்கள். இரண்டில் ஒன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள்: ஒன்று, ஆரோக்கியமான எலிக்கும் சர்க்கரை தொற்ற வேண்டும், இல்லையென்றால் நோயாளி எலி கொஞ்சம் தேற வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. சர்க்கரை எலி வழக்கம்போலத் தின்றது, வழக்கம்போலப் பெருத்தது. சாதாரண எலி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. இரை முன்னால் கிடக்க, பட்டினியில் செத்தது. அறுத்துப் பார்த்தால் இரைப்பையில் ஒரு துணுக்கு இல்லை. கல்லீரலில் சேமிப்பு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. திரும்பத் திரும்பச் செய்தார்கள். திரும்பத் திரும்ப அதுவே நடந்தது. 1969-இல் வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். பந்தியில் நீங்கள் சொல்வதற்கு நேர் எதிரான செய்தி இங்கேதான் இருக்கிறது. ஓர் எலிக்கு மனவுறுதி கூடிவிட்டதா? உபவாசம் இருந்ததா? ரத்தத்தின் வழியே வந்த ஏதோ ஒன்று அதன் மூளைக்குப் போய், "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பொருளை அளவுக்கு மீறி உண்டாக்கியது யார்? பக்கத்தில் தின்றுகொண்டிருந்த சர்க்கரை எலிதான். அதன் உடம்பு "போதும், போதும்" என்று கூச்சலிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மூளைக்கு மட்டும் அது கேட்கவில்லை.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தைச் சேதப்படுத்திய எலிகளை வைத்து, இங்கிலாந்தில் ஹெர்வி என்பவர் 1959-இலேயே இதைப் போன்ற ஒரு முடிவைக் கண்டிருந்தார். கோல்மன் அதை மரபணுவின் பக்கத்திலிருந்து வந்து பிடித்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குண்டெலியை எடுத்துச் சர்க்கரை எலியோடு இணைத்தார். இரண்டும் தின்னிப் பண்டாரங்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? சர்க்கரை எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டெலி, பிறந்தது முதல் தீனியைத் தவிர வேறு எதையும் அறியாத அந்தக் குண்டெலி, வாயை மூடிக்கொண்டது. எடை இழந்தது, சர்க்கரை சரிந்தது, பட்டினியால் இறந்தது. பிறகு குண்டெலியைச் சாதாரண எலியோடு இணைத்தார். இந்த முறை யாரும் சாகவில்லை. குண்டெலி குறைவாகச் சாப்பிட்டது, எடை ஏறுவது மட்டுப்பட்டது. சாதாரண எலி தன்பாட்டுக்கு இருந்தது.

மூன்று இணைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 1973-இல் கோல்மன் முடிவு கட்டினார். குண்டெலியால் அந்த "போதும்" என்ற பொருளை உண்டாக்க முடியவில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்தால் அதன் மூளை கேட்கிறது. சர்க்கரை எலி அதை ஏராளமாக உண்டாக்குகிறது. ஆனால் கேட்கும் வழி அடைபட்டிருக்கிறது. ஒன்றில் செய்தி இல்லை, மற்றதில் செவி இல்லை. அந்தப் பொருளை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதன் பெயர் தெரியாது, எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று தெரியாது. எலிகள் எப்போது தின்றன, எப்போது நிறுத்தின என்பதிலிருந்து மட்டும் இவ்வளவையும் கணித்தார்.

நம்பினார்களா என்று கேட்கிறீர்களா? பெரும்பாலோர் நம்பவில்லை. உடற்பருமன் முழுக்க முழுக்க நடத்தைக் கோளாறு, உடலியங்கியலுக்கு அதில் வேலையில்லை என்பது அந்தக் காலத்தில் வேதவாக்கு. உங்கள் கட்சிதான். கோல்மன் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கப் பார்த்தார். அன்றைய கருவிகளைக் கொண்டு முடியவில்லை. மற்றவர்களும் கைவைத்தார்கள். ரத்தத்தில் ஹார்மோன்களை அளக்கும் முறையைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ரோசலின் யாலோவே, குடலிலும் மூளையிலும் இருக்கும் வேறொரு ஹார்மோன்தான் குண்டெலியில் குறைகிறது என்று 1979-இல் சொன்னார். அது சரியில்லை என்று பின்னால் தெரிந்தது.

இடையில் கோல்மன் சும்மா இருக்கவில்லை. அவர் செய்த இன்னொரு வேலையை, நம்மூரில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை எலி சர்க்கரை ஏறியே செத்துப்போகும் என்றேன் அல்லவா? குண்டெலிக்கோ சர்க்கரை லேசாக ஏறி இறங்கிவிடும். இரண்டும் வெவ்வேறு வம்சத்தில் பிறந்தவை. கோல்மனும் ஹம்மலும் இனக்கலப்பு செய்து, அந்தக் கோளாறு மரபணுக்களை வம்சம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எலியின் வம்சத்துக்குப் போன குண்டெலி மரபணு கடுமையான சர்க்கரை நோயைக் கொண்டுவந்தது. குண்டெலியின் வம்சத்துக்கு வந்த சர்க்கரை எலி மரபணு சாதுவாகிவிட்டது. ஒரே பருமன், ஒரே தீனி. நோய் முற்றுமா அடங்குமா என்பதை மற்ற மரபணுக்களின் சேர்க்கை தீர்மானித்தது.

ஆகவே, "அவர் உன்னைவிடக் குண்டு, அவருக்கே சுகர் இல்லை, உனக்கு எப்படி வந்தது?" என்று இனிமேல் யாரையும் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ஒல்லியாக இருக்கும் நம் ஆட்களுக்கும் சர்க்கரை வருகிறது. புனே நகரத்து மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் உடம்பையே அளந்து வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். உங்கள் கண் தராசில் இந்த வித்தியாசம் விழாது.

1979-இல் கோல்மன் மற்றொன்றும் காட்டினார். அந்தக் கோளாறு மரபணுக்களில் ஏதாவது ஒன்றின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் எலிகள் பார்க்க இயல்பாகவே இருக்கும்; ஆனால் முழுப் பட்டினி போட்டால் மற்ற எலிகளைவிட நீண்ட நாள் தாங்கும். பஞ்சத்தில் உதவும் மரபணு பெருவாழ்வில் உதைக்குமோ என்று ஜேம்ஸ் நீல் 1962-இல் எழுப்பிய ஊகத்துக்கு இது தோள் கொடுத்தது. உடனே நம் பாட்டன் பூட்டன் தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டியதால்தான் நமக்குச் சர்க்கரை என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அந்த ஊகம் மனிதர்களிடம் இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது.

1991-இல் கோல்மன் ஓய்வு பெற்று, லமோயின் என்ற பக்கத்து ஊரில் தன் காட்டு நிலத்தைப் பராமரிக்கப் போய்விட்டார். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குண்டெலியின் மரபணுவை எண்பதுகளின் இறுதியிலிருந்தே துரத்திக்கொண்டிருந்தார். 1994 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஒரு ஃபிலிம் தகட்டில் அது அவர் கைக்கு அகப்பட்டது. டிசம்பரில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அந்தப் பொருள் 167 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம். குண்டெலியின் மரபணுவில் 105-ஆவது அமினோ அமிலத்துக்கான இடத்தில் ஓர் எழுத்து மாறி, "இங்கே நிறுத்து" என்று ஆகியிருந்தது. புரதம் பாதியில் அறுந்துபோனது. அதை உண்டாக்குவது எது தெரியுமா? வெறும் மூட்டை என்று எல்லோரும் ஒதுக்கியிருந்த கொழுப்புத் திசுவேதான். தன்னிடம் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று அதுவே மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. ஃப்ரீட்மன் அதற்கு லெப்டின் என்று பெயரிட்டார். ஒல்லி என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. அதைக் கேட்கும் ஏற்பி 1995-இல் கிடைத்தது. சர்க்கரை எலியில் பழுதாகியிருப்பது அந்த ஏற்பிதான் என்று அடுத்த வருடம் உறுதியாயிற்று. 1973-இல் கோல்மன் எழுதிய கணக்கில் இரண்டு பக்கமும் சரி. 2010-இல் கோல்மன், ஃப்ரீட்மன் இருவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள். நோபல் தரவில்லை. கோல்மன் 2014 ஏப்ரலில் காலமானார். இனித் தரவும் முடியாது. எனக்கு இதில் கோபம் உண்டு.

"எலிக்குச் சரி, மனிதனுக்கு?" என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1997-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. உறவுக்குள் மணம் செய்துகொள்ளும் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். ஒரு குழந்தை எட்டு வயதில் 86 கிலோ. இன்னொன்று இரண்டு வயதில் 29 கிலோ. பிறக்கும்போது இயல்பான எடைதான். சில மாதங்களில் தீராத பசி பிடித்துக்கொண்டது. லெப்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. மூத்த குழந்தைக்கு லெப்டின் ஊசி போட்டு, 1999-இல் முடிவை அறிவித்தார்கள்: ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. ஊசி போடத் தொடங்கிய சில நாட்களிலேயே, வேண்டிய அளவுக்குச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்கக் குழந்தையால் முடிந்தது. அதே அம்மா, அதே வீடு, அதே வளர்ப்பு.

வளர்ப்பு என்றதும் இன்னொரு செய்தி. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆல்பர்ட் ஸ்டங்கார்டு ஆராய்ந்து 1986-இல் எழுதினார். பெரியவர்களான பிறகு அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. பையனை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கும் உங்கள் பார்வைக்கு இது.

இப்போது உங்கள் பக்கத்து வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். லெப்டின் இல்லாமல் பிறப்பவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான். பந்தியில் உட்காரும் குண்டானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, ஏராளமாக இருக்கிறது. லெப்டினையே ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது அவர்களில் பலருக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை. உண்மைதான். 1995-இல் இரண்டு கோடி டாலர் கொடுத்து உரிமை வாங்கிய மருந்து நிறுவனம் கனவு கண்டதுபோல அது எல்லோருக்குமான இளைப்பு மருந்து ஆகவில்லை. இரண்டு தலைமுறையில் நம் மரபணு மாறிவிடவில்லை, சாப்பாடும் உழைப்பும் தூக்கமும்தான் மாறின என்பதும் உண்மை. இதையெல்லாம் மறுத்தால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று பொருள்.

ஆனால் இதிலிருந்து "அப்படியானால் மனவுறுதிதான்" என்று தாவ முடியாது. லெப்டின் ஏராளமாக இருப்பவர்களுடைய மூளை அந்தச் செய்தியைப் பாதிதான் கேட்கிறது என்பதுதான் இன்றைய விளக்கம். அவர்கள் இளைக்கத் தொடங்கியதும் லெப்டின் சரிகிறது. சரிவை மூளை பஞ்சம் என்றே படிக்கிறது; பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. பத்து சதவீத எடையைக் குறைத்தவரின் உடம்பு எதிர்பார்ப்பதைவிடக் குறைவான சக்தியைச் செலவழிக்கிறது என்று ருடால்ஃப் லீபலின் குழு 1995-இல் அளந்து காட்டியது. ஆறு மாதம் வாயைக் கட்டி இளைத்தவள் மறுபடி பெருத்ததைப் பார்த்து "விட்டுட்டா பாருங்க" என்கிறீர்கள். நீங்கள் ஒரு நாளும் படாத பசியோடு அவள் அத்தனை மாதம் மல்லுக்கு நின்றிருக்கக்கூடும். ஒல்லியாகவே இருந்துவிட்ட உங்களுக்கு அந்தச் சண்டைக்கு அழைப்பே வந்திருக்காது.

இப்போது ஊசிகள் வந்துவிட்டன. செமாக்ளூடைடு, டிர்செபடைடு என்று வாயில் நுழையாத பெயர்கள். 2025-இல் எடைக்கான ஊசிகளாக இந்தியக் கடைகளிலும் இறங்கின. இவை லெப்டின் அல்ல. குடலில் சுரக்கும் வேறு ஹார்மோன்களைப் பின்பற்றுபவை. செமாக்ளூடைடு சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஊசி போட்டவர்கள் பலரும் சொல்வது ஒன்று உண்டு: நாளெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு நின்றுவிட்டது. அவர்களுக்கு யாரும் ஒழுக்கம் கற்பிக்கவில்லை. ரத்தத்தில் ஒரு செய்தி கூடியது, அவ்வளவுதான். இந்த மருந்துகளின் விலை, பக்கவிளைவு, யாருக்குத் தேவை என்பதையெல்லாம் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். நான் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் "ஊசி போட்டு இளைச்சவதானே" என்று நீங்கள் அடுத்த வசனத்துக்குத் தயாராகிவிட்டது எனக்குத் தெரிகிறது.

பந்தியில் இனி வாயே திறக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. உங்களால் ஆக வேண்டிய உதவி ஒன்று இருக்கிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும் வாய்ப்பு அதனால் கூடும். உங்கள் உறவில் ஒரு கைக்குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள் தாறுமாறாக எடை போட்டு, பால் குடித்து முடித்ததும் மறுபடி பசித்து அழுது, இரண்டு மூன்று வயதில் குப்பைத் தொட்டியிலிருந்துகூட எடுத்துச் சாப்பிடுகிறது என்றால், கொழுகொழுவென்று இருக்கிறது என்று திருஷ்டி கழிக்காதீர்கள். அடக்கி வளர்க்கத் தெரியவில்லை என்று தாயையும் திட்டாதீர்கள். குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ரத்தத்தில் லெப்டினை அளக்க முடியும், மரபணுவையும் சோதிக்க முடியும். காரணம் லெப்டின் குறைபாடு என்று தெரிந்தால், அந்தக் குழந்தைக்கு மருந்து இருக்கிறது.

இப்படிக்கு,
பந்தியில் உங்களுக்கு எதிர் வரிசையில் உட்காரும் ஒருத்தி